ரேடியோவை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்

மகன்,

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. நாளைக்கு அப்பா பதுளைக்கு வந்து உன் வீட்டுக் கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவார். கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். தட்டி, நீ உள்ளே இருந்துகொண்டே திறக்காமல் விட்டால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். வழியில் யாராவது எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். நம் வீட்டுக் கதை தெமோதரைக்கு இந்தப் பக்கம் எல்லா லயத்து வீடுகளுக்கும் தெரிந்த கதைதான். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. ஒரு தடவை கை தவறி எடுத்துவிட்டாய். தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தின் சத்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ உன்னால் முடியாது அல்லவா.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்ற பயத்தில். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதுளையில் ஓர் அம்மாவைப் பார்க்க உனக்கும் சுகந்திக்கும் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கணவன் மனைவிக்கு இடையில் பேச்சு முறிந்துபோனால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வைப்பது அவர் படித்த படிப்பு. சுகந்தி வருவதாகச் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவை. அதற்கு அடுத்த வாரம் அவள் சட்டத்தரணியிடம் போய் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போகிறாள். சனிக்கிழமை நீ வராவிட்டால் வைப்பாள். வந்து, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வைப்பாள். என் மருமகள் சொன்னால் சொன்னதுதான் என்பது உனக்கும் தெரியும்.

கோயில் விஷயத்துக்காகத்தான் நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். கோபமாகவே இரு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. நம் தேயிலைத் தோட்டத்தில் புருஷன் பெண்சாதிச் சண்டை முற்றினால் தோட்டத் தலைவரிடம்தான் போவோம். சம்பளம் குறைந்தாலும் அவர்தான், கூரை ஒழுகினாலும் அவர்தான், குடும்பம் ஒழுகினாலும் அவர்தான். கோயிலுக்கு முன்னால் பாய் விரித்து இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசி, கடைசியில் கற்பூரம் கொளுத்தி, இனிமேல் ஒற்றுமையாக இருப்போம் என்று அதில் அடித்துச் சத்தியம் வாங்கி அனுப்புவார்கள். அப்படி நிமிர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நீ வங்கியில் வேலை பார்ப்பவன், அவள் பள்ளிக்கூடத்து மிஸ், உங்களுக்கு இது சரிவருமா என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. திருவிழாவைப் பற்றிப் பேசுகிறார்கள், குடும்பத்தோடு வாருங்கள் என்று பொய் சொல்லி வரவழைத்தேன். பாயைப் பார்த்ததும் உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் தலைவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி, படிச்ச ஆளு நீங்க. கொறை என்னான்னு சொன்னாத்தானே தெரியும்?" என்று தலைவர் கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன்னும் இல்லீங்க" என்றாய். அவர் சுகந்தி பக்கம் திரும்பினார். "அவரு ஒன்னும் இல்லன்னு சொல்றாருல்ல, அதுதாங்க என்னோட கொறை" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. கற்பூரம் கொளுத்தியதும் நீ எழுந்து போய் ஒரு வார்த்தை பேசாமல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தாய், ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன் மாதிரி. சுகந்தி அசையவில்லை. "வாயே தொறக்காத ஆளோட ஒத்துமையா இருப்பேன்னு நான் எப்பிடிங்க சத்தியம் பண்றது? சாமி முன்னால பொய் சொல்ல எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பாதையில் இறங்கிவிட்டாள். அவள் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தாய்தகப்பன் எத்தனை பேர் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அப்புறம்தான் யோசித்தேன். நீ அவளைக் கூப்பிடவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. அன்றைக்கு என்னோடு நிறுத்திய பேச்சை இன்றைக்கு வரைக்கும் நீ தொடங்கவில்லை.

நீ அவளைத் தேடிப் போவாய் என்று பார்த்தேன். போகவில்லை. நான் போனேன். ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் தாய் வீட்டு வாசலில் நிற்கும்போதே சம்பந்தி பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீஸில் கிளார்க்கர் அல்லவா, அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. "எங்க புள்ளைய நடுக்கோயில்ல உக்கார வச்சு மானத்த வாங்கிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். குசினிக்குள் இருந்து அவருடைய பெண்சாதி, "வீடு தேடி வந்த மனுசியப் பாத்து என்னா பேச்சு பேசுறீங்க, அறிவிருக்கா?" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினார். அவர் திரும்பக் கத்தினார். இன்றைக்கு இந்த வீட்டில் யாரோ யாரையோ அடித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் இருந்து பிஸ்கட் எடுத்துத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். என் முகத்தைப் பார்த்துச் சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாதீங்க அத்தை. எங்க வீட்டுல இப்பிடித்தான். கத்துவாங்க, அத்தோட முடிஞ்சிரும்" என்றாள்.

பிறகு என்னைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் அதைச் சொன்னாள். "நான் பேச ஆரம்பிச்சா அவரு டிவி சத்தத்தக் கூட்டுவாரு அத்தை. நான் இன்னும் சத்தமாப் பேசுனா இன்னும் கூட்டுவாரு. மூஞ்சில கோவம் ஒன்னும் இருக்காது. நான் அங்க இல்லாத மாதிரியே இருப்பாரு. சரி, ஆம்பளைங்க இப்பிடித்தான்னு நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளு, பாப்பாவ எந்த ஸ்கூல்ல போடுறதுன்னு கேக்கலாம்னு போயி நின்னேன். வாயத் தொறக்கவே இல்ல அத்தை. என் மூஞ்சியப் பாத்துட்டுப் பாப்பா ஓடிப் போயி ரிமோட்ட எடுத்தாந்து அவரு கையில குடுக்குறா. குடுத்துட்டு என்னயப் பாத்துச் சிரிக்கிறா, என்னமோ நல்ல வேல செஞ்ச மாதிரி. அவரு அவ தலையத் தடவிக் குடுத்தாரு." இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். கோயிலில் அழவில்லை, தகப்பன் கத்தும்போது அழவில்லை. "இத அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "எதச் சொல்ல? டிவியக் கூட்டுனாருன்னா? சிரிச்சிருப்பாங்க அத்தை" என்றாள். சிரித்துத்தான் இருப்போம். பாப்பாவின் கதையைக் கேட்டதும் எனக்கு ஏதோ ஞாபகம் வரப் பார்த்தது. என்ன என்று அப்போது விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் சிரிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது.

நான் புறப்படும்போது அவள் ஒன்று சொன்னாள். தலைவர் இல்லாமல், பூசாரி இல்லாமல், எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்கள் ஒருத்தரும் இல்லாமல், விஷயம் தெரிந்த ஒருத்தர் முன்னால் அவர் ஒரு தடவை வாயைத் திறந்து பேசினால் நான் உட்கார்ந்து கேட்பேன் என்றாள். அப்படி ஒருத்தரை நான் தேட ஆரம்பித்தேன். இந்தத் தேடலை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ படித்தவன், எனக்கு முன்னாலேயே நீ தேடியிருக்க வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு வெட்கம் கெட்ட ஆள் தேவைப்படுகிறது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைக் காம்பராவில் அவர்கள் பிள்ளைகளை அத்தனை வருஷம் கழுவித் துடைத்துவிட்டவளுக்கு என்ன வெட்கம்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கிற ஐயாவிடம்தான் முதலில் கேட்டேன். அவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்து ஒரு கிளினிக்குக்குப் போகச் சொன்னார். போனேன். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷி, ஆனால் சிங்களம்தான் பேசினார். எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும். மகன் மருமகளோடு பேசமாட்டேன் என்கிறான் என்பதை அதில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்க்க ஒரு உதவியாளரைக் கூப்பிட்டார்கள். வந்தவனைப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மகன். "என்னா சித்தி, இந்தப் பக்கம்?" என்றான். "தலையிடிப்பா" என்றேன். தலையிடி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்து யாரோ சொன்னார்கள் என்று பண்டாரவளையில் ஒருவரிடம் போனேன். கழுத்தில் டை கட்டியிருந்தார். குடும்ப ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்தார், அதற்குக் கீழேயே சாதகமும் பார்க்கப்படும் என்று இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் அவர், "பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும், உங்க மருமக நட்சத்திரம் என்னா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க சம்சாரம் நட்சத்திரம் என்னாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில் சுகந்தியோடு படிப்பிக்கிற ஒரு மிஸ், நான் முதலில் சொன்ன அந்தப் பதுளை அம்மாவின் நம்பரைத் தந்தார். ஏற்கனவே இரண்டு இடத்தில் சூடுபட்டவள், அதனால் போனிலேயே கேட்டுவிட்டேன். "தமிழ்ல பேசுவீங்களாம்மா?" "தமிழ்தான் அம்மா. என்ர தமிழ் உங்களுக்கு விளங்குதோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்; கணவரின் உத்தியோகத்துக்காக இங்கே வந்து இருக்கிறார். "இந்தப் பக்கத் தோட்டங்கள்ல யாரையாவது தெரியுமா?" "ஒருத்தரையும் தெரியாது அம்மா." "ரொம்ப நல்லதும்மா" என்றேன். நம்மைத் தெரியாத ஒருத்தர் கிடைத்தாரே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ரெண்டு பேரையும் சேத்து வச்சிருவீங்களா?" "அது என்ர வேலை இல்லை அம்மா. ரெண்டு பேரும் பயப்பிடாமக் கதைக்கிறதுக்கு இடம் குடுப்பன். சேருறதோ பிரியிறதோ அவையின்ர முடிவு." எனக்குப் போனை வைத்துவிடலாம் போல இருந்தது. சேர்த்து வைக்காத ஆளிடம் எதற்குப் போவது? ஆனால் யோசித்துப் பார்த்தேன். சேர்த்து வைக்கிறேன் என்று சொன்னவர்கள்தானே கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். நாளும் நேரமும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

முதலில் நான் தனியாகப் போனேன். உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி, அவர் என்ன சொல்கிறாரோ அதை வந்து உனக்குச் சொல்லலாம் என்பது என் திட்டம். ஒரு வீட்டின் பின்பக்க அறை. ஒரே உயரத்தில் மூன்று நாற்காலி. நடுவில் மேசை இல்லை, சாமி படம்கூட இல்லை. நான் உன் பெயரைச் சொல்லித் தொடங்கியதுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மகன் வராம அவரைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல ஏலாது அம்மா. வந்திருக்கிறது நீங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ." "எனக்கு ஒன்னும் இல்லீங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான், நீ கோயிலில் சொன்னதையே நானும் சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் விடவில்லை. "உங்கட வீட்டில சண்டை வந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டார். "எங்க வீட்டுல சண்டையே வராதுங்க. லயத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்ப கோபம் வந்தா?" "ரேடியோவக் கூட்டுவோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆர் கூட்டுறது?" என்று கேட்டார்.

ஆர் கூட்டுறது. யார் கூட்டுவது? மகன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் நம் லயத்து வீட்டுக்கு, நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளுக்குப் போய்விட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நம் காம்பராவுக்கும் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் செம்பு விழுந்தால் இந்தப் பக்கம் தூக்கிவாரிப் போடும். எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை, எட்டு வீட்டுக்கும் ஒரே காற்று. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் நானும் அப்பாவும் ஏதோ வாய்த் தர்க்கம் பண்ணிவிட்டோம். மறுநாள் விடிந்து பெரட்டில் போய் நின்றால், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், நான் பேசிய பேச்சை எனக்கே ஒருத்தி பேசிக் காட்டுகிறாள். அன்றைக்கு மாலையே அப்பா ரேடியோவை அந்தச் சுவர்ப் பக்கமாகத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கோபம் வந்தால் முதலில் ரேடியோவைக் கூட்டுவோம், பிறகு அந்தச் சத்தத்துக்குக் கீழே வாய்க்குள்ளேயே சண்டை போடுவோம். கொஞ்ச நாளில் அந்த வாய்க்குள் சண்டையும் நின்றுபோனது. ரேடியோவை மட்டும் கூட்டினோம்.

நீ குசினி வாசற்படியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாய். உன்னைப் பண்டாரவளைக்குப் படிக்க அனுப்பி போர்டிங்கில் விட வேண்டும் என்று அப்பா சொன்னார், நான் முடியாது என்றேன். எங்கள் வாழ்க்கையின் பெரிய சண்டை அதுதான். ஒரு நாள் நான் அப்பாவைப் பார்த்த பார்வையை நீ பார்த்துவிட்டாய். கொப்பியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து, எட்டாத உயரத்துக்கு எக்கி, நீயே ரேடியோவின் குமிழைத் திருகினாய். திருகிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாய். "எம்புள்ளைக்கு இருக்கிற புத்தியப் பாத்தீங்களா!" என்று நான்தான் சொன்னேன். உன் தலையைத் தடவிக் கொடுத்தது நான்தான். அந்த அம்மாவின் முன்னால் இதைச் சொல்லி முடிக்கும்போது, ரிமோட்டை நீட்டிவிட்டுச் சிரிக்கிற பாப்பா என் கண் முன்னால் வந்து நின்றாள். உன் மகள் யார் சாயல் என்று அவள் பிறந்த நாளில் இருந்து இரண்டு குடும்பமும் அடித்துக்கொள்கிறதே, அதற்குப் பதில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், கேள். ரேடியோவைக் கூட்டியதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த லயத்தில் எங்களுக்கு என்று இருந்த ஒரே கதவு அதுதான். கதவு இல்லாத வீட்டில் மானத்தோடு இருக்க நாங்கள் கண்டுபிடித்த வழி அது, அதைக் குறை சொல்ல நான் யாரையும் விடமாட்டேன், அந்த யாழ்ப்பாணத்து அம்மாவையும் சேர்த்துத்தான். ஆனால் உன்னை மெச்சினேனே, அது பிழை. பெரியவர்களின் கோபத்தை மூடுவது உன் வேலை என்று பிஞ்சில் உன் தலையில் தடவிவிட்டேன். நீ அதைப் பதுளைக்குக் கொண்டுபோய்விட்டாய். சுற்றிவரத் தோட்டம் உள்ள தனி வீட்டில், யாரும் கேட்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ராக்காயி அக்காவுக்குப் பயந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாய். கத்திச் சண்டை போட்டுவிட்டுப் பிஸ்கட் சாப்பிடுகிற வீட்டில் இருந்து வந்த பெண்ணுக்கு அது என்னவென்று எப்படி விளங்கும்? தன்னைக் கொல்லாமல் கொல்கிறான் என்றுதான் அவள் நினைப்பாள். நினைத்துவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நிறுத்தினேன். "ஏய், மரண அறிவித்தல் போகுது" என்றார். "செத்தவங்க இருக்கட்டும், இருக்கிறவங்க பேசுவோம்" என்றேன். வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "நம்ம புள்ளைய போர்டிங்ல கொண்டு போயி விட்ட அன்னைக்கி நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. வந்து கையக் கழுவிட்டுச் சோறு கேட்டீங்க. கல்லு மாதிரி மனுசன்னு அன்னைக்கி நெனச்சேன், இன்னைக்கி வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவர் பழக்கத்தில் ரேடியோப் பக்கம் கையை நீட்டினார். வயர் என் மடியில் இருப்பது தெரிந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு உன் அப்பா கத்தினார், மகன். அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. "அழுதேன்டி! ஸ்டோருக்குப் போயி ட்ரையர் பக்கத்துல நின்னு அழுதேன். மெசின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காதுன்னு அங்க போயி அழுதேன். வீட்டுல அழுதா லயமே வந்து நிக்குமே!" தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலை காய்கிற அந்தச் சூட்டில், மெஷின் இரைச்சலுக்குள் நின்று அழுதிருக்கிறார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் நான் அறியவில்லை. கல் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் அழுது ஓய்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

சாயந்தரம் ராக்காயி அக்கா வந்து வாசலில் நின்றாள். "என்னா, ஒங்க வீட்டு ரேடியோ பழுதாப் போச்சா?" என்று கேட்டாள். பழுதில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் ஒரு தினுசாகப் பார்த்தாள். "நீங்க ரேடியோவக் கூட்டுனாலே, ஐயோ பாவம் அங்க சண்டைன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம். எம்புள்ளைங்ககிட்ட, சத்தம் போடாம இருங்கடா, பக்கத்து வீட்டுல மனசு சரியில்லன்னு சொல்லுவேன். இன்னைக்கித்தான் என்னா விசயம்னே தெரிஞ்சிச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று நாங்கள் கூட்டிய ஒவ்வொரு தடவையும் எட்டு வீட்டுக்கும் அறிவித்திருக்கிறோம். தெரியாமல் இருந்தது நமக்குள்தான்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் அங்கே வரமாட்டேன். அப்பாவும் வரட்டுமா என்று கேட்டார், அவரையும் தடுத்துவிட்டேன். பாப்பாவை வெள்ளிக்கிழமை சுகந்தி இங்கே கொண்டுவந்து விடுவாள். அந்த அம்மா உன்னை ஏசமாட்டார், யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லமாட்டார், சத்தியம் கேட்கமாட்டார். நீ சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது. எனக்கே சொல்லமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உனக்கு வார்த்தை வராவிட்டால், எனக்கு வார்த்தை வரவில்லை என்பதையே முதல் வார்த்தையாகச் சொல். சுகந்தி அழுவாள். அப்போது கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று தேடாதே. என்மேல் உள்ள கோபத்தையும் அங்கே சொல். கோயிலைப் பற்றிச் சொல், போர்டிங்கைப் பற்றிச் சொல். எனக்குக் காது எரிந்தால் எரியட்டும்.

அவள் திரும்பி வருவாள் என்று நான் உனக்கு வாக்குத் தரவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரிவது என்று முடிவானால் அதையும் நீங்கள் இரண்டு பேரும் வாயால் பேசி முடிவு செய்யுங்கள். நீ பேசாமல் இருந்தே அவளை அனுப்பிவிட்டாய் என்று இருக்கக் கூடாது. பாப்பா நாளைக்கு ஒருத்தன் முன்னால் போய் நிற்கும்போது, அவளுக்கு வாய் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும், என் உயிர் இதில்தான் இருக்கிறது.

நேரத்தோடு போ. அந்த அறைக்குள் நுழைந்ததும் நான் உட்காரவில்லை. முதலில் அண்ணாந்து பார்த்தேன். நாலு சுவரும் கூரை வரைக்கும் போய் முட்டியிருக்கிறது, நடுவில் ஓர் இடுக்குக்கூட இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டேன். நீ சத்தமாகவே பேசு, மகன்.

அம்மா